ஏழரைக்கு விருந்து

அழைப்பிதழில் ஏழரை மணி என்றிருந்தது.
ஏழரையா, என்று சிரித்தான் பன்னீர்,
அதுவும் சனிக்கிழமை.

பகலில் ஆலை தந்த இலவச டிக்கெட்டில் நீர்ப்பூங்கா,
இரவில் மேட்டுக் கிளப்பில்
இருபது வருட உழைப்புக்கு விருந்து.
இரண்டையும் ஒரே நாளில் வைத்தவருக்குப்
பிள்ளைகள் இல்லை போலும்.

பாத்திக் சட்டையும் எங்களோடு வந்தது.
முழுக்கை. மயில்கழுத்து நிறம்.
பின்சன்னல் கொக்கியில் தொங்கி
நாள் முழுக்கக் காருக்குள் வெயில் காய்ந்தது.
எங்களில் நனையாத ஒரே ஆள்.

லவனேஷ் நீளச் சறுக்கில் பதினான்கு தடவை.
எண்ணியது அவன், எனக்குக் கேட்டது அலறல்தான்.
ஹேமா ஒற்றைச் செருப்பை
அலைக்குளத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.
நான் ஒரே தடவை ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து
முப்பத்தெட்டு வயதுத் தொண்டையைத் திறந்து
கத்தினேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
பக்கத்து வளையத்துச் சீனப் பெரியவரும் கத்தினார்,
அவர் காரணம் அவருக்கு.

வீடு தோட்டத்துக்குள் ஒன்பது கிலோமீட்டர்.
போய்த் திரும்ப நேரமில்லை.
சுங்கை சிப்புட் நுழையுமிடத்தில்,
பெட்ரோல் நிலையக் கழிப்பறையில்,
நான் பட்டுச்சேலை கட்டினேன்.

தரையெல்லாம் தண்ணீர்.
முந்தானையைக் கழுத்தில் சுற்றி,
கொசுவத்தைப் பல்லில் கடித்து,
குதிகாலை உயர்த்தி நின்றபோது
கை கழுவ வந்த மலாய்க்காரப் பெண்
ஒன்றும் கேட்காமல் குனிந்து
கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.
முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து
சந்தேக், என்றாள்.
மலாயில் அது அழகு.
கண்ணாடியைப் பார்த்தேன்,
எனக்குத் தமிழில்தான் கேட்டது.

தலையில் குளோரின் வாடை.
ஐஸ் பெட்டியில் மைலோ பாக்கெட்டுகளுக்கு நடுவே
காலையிலிருந்து குளிரில் கிடந்த மல்லிகையை
அதன்மேல் வைத்தேன்.
மணிக்கட்டில் பூங்காவின் நீலப் பட்டை,
காகிதம் மாதிரி இருக்கும், கிழியாது.
பல்லால் இழுத்தேன், சாவியால் அறுத்தேன்.
கடைசியில் வளையல்களைக் கீழே இறக்கி மூடினேன்.

ஹேமாவின் பட்டுப்பாவாடைக்கு அடியில்
மூன்று வெள்ளி தொண்ணூறு காசுக்கு
பச்சை ஜப்பான் செருப்பு.
பன்னீர் வெளியே வந்தான்.
முகமெல்லாம் வெயில் சுட்டுக்
கண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம்.
சட்டை சூடா இருக்கு, என்றான்,
இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி.

கிளப்பில் குளிர் எலும்பைத் தொட்டது.
துணியை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள்.
லவனேஷ் அன்னத்தை அவிழ்த்து
அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்கிப்போனான்.
எனக்கு இடது காது அடைத்திருந்தது.
மேடையில் மேலாளரின் வாய் அசைந்தது,
இருபது வருடத்தை இரண்டு நிமிடத்தில்
என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது காதுக்குள் ஏதோ நழுவி
வெதுவெதுப்பாய் ஒரு சொட்டு
கழுத்தில் இறங்கியது,
காலையில் நான் கத்திய தண்ணீர்.
மண்டபம் சட்டென்று திறந்துகொண்டது.
முதலில் கேட்டது அவன் பெயர்,
பானிர் சில்வம், என்று
மூளியாக.

அவன் போனான். திருத்தவில்லை.
கை நீட்டினான்.
பாத்திக் கை மேலேற,
மணிக்கட்டில் நீலப் பட்டை.
படக்காரர் சரியாக அந்நேரம் பார்த்துத்தான்
வெளிச்சம் அடித்தார்.

கைகளை உயர்த்தித் தட்டினேன்.
வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன.
சரியட்டும்.
எதிரே கணக்காளரின் மனைவி
என் மணிக்கட்டைப் பார்த்தார்,
பிறகு என் தலையை,
பிறகு லேசாக மூக்கை உறிஞ்சினார்.

அடுத்து மீன் வந்தது,
முழுசாக,
கண் திறந்தபடி,
எங்களைப் போலவே
தண்ணீரிலிருந்து நேராக.