நான்கு சதவீதம்

கிர்க்கெனெஸ் நகராட்சிக் கூடத்தில் ஹீட்டர் இருமுகிறது.
பகல் பதினோரு மணி, சன்னலில் இருட்டு.
ஓஸ்லோவிலிருந்து நான் சுமந்துவந்த கோப்பில்
மூன்று வழிகள், மூன்று விலைகள்.

முதலாவது, புதிய செயற்கைக்கோள்கள்.
அணுக்கடிகாரம் கால் பணம்,
மேலே ஏற்றும் கூலி முக்கால் பணம்.
இரண்டாவது, இருப்பதற்கு ஒட்டுப்போடுவது:
தரையில் மென்பொருள், விமானத்தில் வேறு ஆண்டெனா.
மூன்றாவதை யாரும் வாசிப்பதில்லை.
கரையோரம் பழைய மாதிரி ரேடியோ கம்பங்கள்,
வானத்தை நம்பாத கட்டைக் குரல்.

'ஒரு நானோநொடி பிசகினால் முப்பது சென்டிமீட்டர்'
என்றேன். ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆம்புலன்ஸ் விமானி யோருன் ஹெல்லெஸ்விக்
தொப்பியைக் கழற்றாமல் எழுந்தாள்.
'செவ்வாய்க்கிழமை யாரோ அலையை அடைத்தார்கள்.
திரையில் நான் கடலுக்குள் இருந்தேன்.
பின்னால் படுத்திருந்தவளுக்கு எட்டாம் மாதம்.
இந்த மலையை எனக்குத் தெரியும், இறங்கிவிட்டேன்.
தெரியாதவன் ஓட்டியிருந்தால்?
அது உங்கள் எந்தக் கட்டத்தில் வருகிறது?'

வருகிறது.
அறுபத்திரண்டாம் பக்கம், 'தவிர்க்கப்பட்ட இழப்பு'.
ஆண்டுக்கு நான்கு சதவீதக் கழிவில்
இந்த வருடத்து உயிர் முழு உயிர்.
முப்பதாம் வருடத்து உயிர்
மூன்றில் ஒன்றுக்கும் கீழே.
அந்தக் குழந்தைக்கு அப்போது முப்பது வயது.
இதை நான் சொல்லவில்லை.

காபி இடைவேளையில்
நண்டுப் படகு இங்வால்ட் பின்னிணைப்பைப் புரட்டினார்,
விரலிடுக்கில் உப்புப் பூத்திருந்தது.
பழைய கம்பத்தை இடித்த கணக்கில் நின்றார்.
மின்சாரம் மிச்சம். காவலாள் சம்பளம் மிச்சம்.
இரும்பு விற்ற வரவு.
கீழே நீல மையில் ஒரு கிறுக்கல்.
'யார் கையெழுத்து இது, படிக்க முடியவில்லையே?'

எனக்கு அப்போது முப்பத்தொன்று.
அவ்வளவு மிச்சம் பிடித்ததற்கு
அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

'என்னுடையது.'

அவர் திட்டவில்லை.
சர்க்கரை எங்கே என்று கேட்டார்.

திரும்பும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம்,
காரணம் பலகையில் இல்லை.
மடிக்கணினியைத் திறந்து
நாலை மூன்றாக்கினேன்.
மூன்றாவது வழி ஒரு வரி மேலே ஏறியது.
அமைச்சக விதி நாலுதான்.
நாலாக்கினேன், இறங்கியது.
மறுபடி மூன்று.

வெளியே ஓடுபாதை விளக்குகளின் மேல் பனி விழுகிறது.
சேமிக்கவா
என்று கேட்கிறது திரை.