இரண்டாம் பாதி

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு மாலை
கோடியாக்குக்குத் தெற்கே, எங்கள் தீவில் ஒரு வழக்கம்.
கோயிலுக்குள் வரிசையாக நின்று
ஒவ்வொருவர் முன்னும் குனிந்து
"என்னை மன்னியுங்கள்" என்போம்.
எதிரில் நிற்பவர் சொல்லவேண்டியது:
"கடவுள் மன்னிக்கிறார், நானும் மன்னிக்கிறேன்."
நாற்பத்து மூன்று பேர். அரைமணியில் முடிந்துவிடும்.
வீட்டில் கடைசி வெண்ணெயும் அப்பமும் காத்திருக்கும்.

பத்து வருடம் அப்படித்தான் முடித்தேன்,
சில்லறை மாற்றுவதுபோல.
கொடுத்தேன், வாங்கினேன், எண்ணிப் பார்க்கவில்லை.
அன்ஃபீசாவிடமும்தான்.
அவள் கணவன் தீமோன்
ஒரு ஜனவரியில் காட் மீனுக்குப் போனவன்.

கடலோரக் காவல்படையின் அறிக்கையில்
காற்று இருந்தது, அலை இருந்தது,
மேல்தளத்தில் உறைந்த பனியின் எடைகூட இருந்தது.
நான் இல்லை.
"படகு கவிழ்ந்தது" என்று எழுதியிருந்தார்கள்,
ஏதோ தானாகவே கவிழ்ந்ததுபோல.
அந்த ஒரு வினைச்சொல்லின் அருகில்
இத்தனை காலம் குளிர் காய்ந்தேன்.

நடந்தது இது.
அடித்தட்டு நீரை இறைக்கும் பம்புக்குப்
புது சுவிட்ச் வாங்கியிருந்தேன்.
பெட்டி பிரிக்காமல் பட்டறையில் கிடந்தது.
வெள்ளிக்கிழமை. விரல் மரத்துப்போகும் குளிர்.
பழைய கம்பியில் நாடாவைச் சுற்றிவிட்டு
சுவிட்சுக்கும் சேர்த்தே காசு வாங்கிக்கொண்டு
"சரியாகிவிட்டது, போ" என்றேன்.
"எலிசேய் சொன்னால் சரி" என்று
தோளில் தட்டிவிட்டுப் போனான் தீமோன்.
அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

மறந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மறக்கவில்லை. மறைத்தேன்.
இரண்டே எழுத்து மாற்றம்.
இடையில் ஓர் ஆள் மூழ்கும் ஆழம்.

பாதிரியாரிடம் பாவ அறிக்கை செய்ததுண்டு:
கோபம், குடி, பொய்.
பொய் என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு வசதி!
"எங்கள் கடன்களை மன்னியும்" என்று தினமும் கேட்டேன்;
யாருக்கு, எவ்வளவு என்று
ஒருநாளும் கணக்குக் காட்டவில்லை.
கடவுளோடு தீர்த்துக்கொண்டால் போதும் என்றிருந்தேன்.
அவர் பட்டறைக்கு வந்து
அலமாரியைத் திறக்கச் சொல்லமாட்டார் அல்லவா?

இந்த வருடம் அந்தப் பெட்டியைக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
முப்பத்தோராவது ஆள் அன்ஃபீசா.
மெழுகு வாசனை, ஈரக் கம்பளி வாசனை.
குனிந்தவன் நிமிரவில்லை.
அவள் பூட்ஸைப் பார்த்தபடியே சொன்னேன், எல்லாவற்றையும்,
விலை உட்பட: அறுபத்திரண்டு டாலர்.
பின்னால் வரிசை நின்றுபோயிற்று. யாரோ இருமினார்கள்.
பாடிக்கொண்டிருந்தவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை.
அவள் பெட்டியை வாங்கித் திருப்பி
கடையில் சாமான் பார்ப்பவள்போல
விலைச்சீட்டைப் படித்தாள்.
பிறகு, "கடவுள் மன்னிக்கிறார்" என்றாள்.

காத்திருந்தேன்.

இரண்டாம் பாதி வரவில்லை.
உதடு அதை நோக்கி ஒருமுறை அசைந்தது.
பிறகு, பொய் சொல்ல மனமில்லாமல்
மூடிக்கொண்டது.

இத்தனை வருடம் எனக்குக் கிடைத்த
முழு வாக்கியங்கள் எல்லாவற்றையும்விட
அந்த அரை வாக்கியம் கனத்தது.
குறை சொல்லவில்லை.
மீதி அவளுடையது.
எப்போது தருவது, தருவதா வேண்டாமா என்பதும் அவளுடையது.
தள்ளுபடிக்கு நாள் குறிக்கக்
கடனாளிக்கு ஏது உரிமை?

வரிசை நகரவேண்டும், அதுவும் வழக்கம்.
அடுத்து நின்றவன் கிரீல், அவள் மகன்.
அன்று மூன்று வயது, இன்று பதினான்கு.
பனியில் சிவந்த காது. தீமோனின் தாடை.
எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.
எந்தச் சொல்லில் தொடங்குவது என்று
நான் தேடி முடிப்பதற்குள்
அவன் குனிந்தான், எனக்கு முன்னால்,
நெற்றி பலகைத் தரையில் படும்படி.
"என்னை மன்னியுங்கள்" என்றான்.
குரல் உடைந்தது,
வயதினாலோ, என்னாலோ.

வழக்கப்படி இப்போது பதில் சொல்லவேண்டியவன் நான்.
"கடவுள்..." என்று தொடங்கினேன்.