இழுத்தால் எழும்பும்

புதன் இரவு வகுப்பு, பம்பலப்பிட்டியில்
கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
ஏழு பேர். ஆறு மவுஸ்.
சஞ்ஜீவனி மிஸ் சிங்களத்தில் தொடங்கி
ஆங்கிலத்தில் முடிக்கும் வசனங்களை
நான் தமிழில் கொப்பியில் எழுதுகிறேன்:
சிவப்பு அகலம், பச்சை ஆழம்,
நீலம் உயரம்.
நீலத்தைத் தொலைத்தால் எல்லாம் தரையில் கிடக்கும்.

ஆமர் வீதியில் டைல்ஸ் கடையில் வேலை எனக்கு.
"ஒட்டினால் எப்படியிருக்கும், காட்டுங்கோ"
என்று கேட்காத ஆளில்லை.
பதினொரு வருடம் கையால் காற்றில் காட்டினேன்.
ஹில்மி முதலாளி போன மாதம்
"பாதிக் காசு தாறன், படிங்க" என்றார்.
மீதிப் பாதி என் சீட்டுக்காசு.

முதற் பயிற்சி: உங்கள் அறை.
ஞாயிறு முழுக்க வெள்ளவத்தையில்
வாடகை அறையை டேப்பால் அளந்தேன்.
பத்தடி நாலங்குலம். எதிர்ச்சுவர் பத்தடி ஒன்று.
கோடுகள் சந்திக்க மறுத்தன.
மூலையில் மயிரளவு இடைவெளி,
அதனால் தரை தரையாகவில்லை.
ஆறு வருடம் நான் படுத்தெழும்பிய அறை
சதுரமே இல்லை என்று
கொம்பியூட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு மாதிரிச் சமாளித்து மூடினேன்.
சுவரைப் பிடித்து நீலத்தில் இழுக்க
புளித்த மாவாய் எழும்பியது.
கட்டில், கேஸ் அடுப்பு, ஒற்றைக் கதிரை.
வாளியையும் வரைந்தேன்.
"வாளி வேண்டாமே" என்றார் மிஸ்.
அழிக்கவில்லை, மறைத்து வைத்தேன்.
விருந்தாளி வந்தால் செய்வதும் அதுதானே.

திறந்தவுடன் நடுவில் ஒருவன் நிற்பான்,
அட்டைபோல் தட்டையானவன்.
அளவு தெரிவதற்காம்.
எந்தப் பக்கம் சுற்றினாலும்
என்னைப் பார்த்தே திரும்பிக்கொள்வான்.
ரிஸ்மினா காதுக்குள் கேட்டாள்:
"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"
அவனை யன்னலருகே நகர்த்தினேன்.

நான்காம் கிழமை, வெயில்.
ஊர் கொழும்பு. மாதம் பெப்ரவரி. மாலை ஐந்து மணி.
அமுக்கினேன்.
மேற்கு யன்னலால் நுழைந்து
கட்டில் காலைத் தொட்டு
எதிர்ச்சுவரில் நீளமாய்ச் சாய்ந்தது வெயில்.
"லஸ்ஸனய்" என்றார் மிஸ்.
நான் வாய் திறக்கவில்லை.
அந்த வெயில் என் அறைக்கு வந்து
இரண்டு வருடமாகிறது.

யன்னலுக்கு வெளியே, கடல் பக்கமாய்
ஒரு செவ்வகம் கீறினேன்.
பிடித்து இழுத்தேன்.
முப்பத்திரண்டு மாடி.
ஓர் இருமல் நேரம்கூடப் பிடிக்கவில்லை.
தூண் இறக்கி என் சுவர் வெடித்த மாதங்கள் இல்லை,
சோற்றில் சீமெந்துத் தூசி இல்லை,
விடிய விடிய எரிந்த வெல்டிங் பொறி இல்லை,
மணிக்கட்டில் ஒரு சின்னத் தூக்கல், அவ்வளவுதான்.
அறை இருண்டது.
தட்டை மனிதன் மட்டும்
பொக்கற்றில் கைவிட்டபடி, அப்படியே.

பின்னுக்குப் போகும் விசையைத் தட்டினேன்: வெயில்.
முன்னுக்கு: இருட்டு.
வெயில். இருட்டு. வெயில்.
"என்னடி விளையாட்டு" என்றாள் ரிஸ்மினா.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு தம்பதி.
பதினாலாம் மாடி, கடல் பார்த்த வீடு,
குளியலறைக்கு டைல்ஸ்.
விலாசம் எழுதும்போதுதான் தெரிந்தது,
அதே கட்டடம்.
கீறிக் கொடுத்தேன், என் முதல் வேலை.
சாம்பல் தரை, தொட்டி, பித்தளைக் குழாய்,
தரைப்பக்கம் பார்த்த சின்ன யன்னல்.
யன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை.
அங்கே, கீழே, ஒரு பெட்டி வைத்தேன்:
நாலு மாடி, மேலே தண்ணீர்த் தாங்கி,
மூன்றாம் மாடியில் யன்னல் ஒன்று.

அந்த அம்மா திரையில் விரல் வைத்தார்.
"இது என்ன?"
"அயல்" என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அப்போ குளிக்கிற இடத்துக்கு மறைப்பு வேண்டுமே."

சுருட்டுத் திரை ஒன்று சேர்த்தேன்.
ஒன்பதாயிரத்து எண்ணூறு,
பொருத்துகூலி தனி.