கழுத்தளவு

பூ விற்கிறவளுக்குப் போர் என்பது
ஆர்டர் வரும் தேதி.

பிப்ரவரி பதினைந்து, பீச் ரோட்டு நான்கு தூண்களுக்கு
வெள்ளைச் செவ்வந்தி வளையம், உள்ளே கம்பி வைத்து.
நவம்பரில் கிராஞ்சி. அங்கே எனக்கு வியாபாரமில்லை.
சிவப்புக் காகிதப் பூவை அவர்களே
சட்டையில் குத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.
இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கிறார்கள்,
கடிகாரம் பார்த்து.
நாங்களென்றால் மாரிலடித்து
மூன்று தெருவை எழுப்பியிருப்போம்.
ஒருமுறை போய்ப் பார்த்தேன்.
புதைத்தவர்களுக்கு வரிசை குலையாத கல்.
எரித்தவர்களுக்குச் சுவரில் ஒரு வரி.
நம்மவர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன,
வாய்விட்டுப் படித்தால்தான் நம்முடையவை ஆயின.

ரொஸ்னா மாலை வாங்கமாட்டார்.
உதிரி ரோஜா அரைக் கிலோ.
பாண்டான் இலையை அவரே நறுக்கிக் கலந்து
நோன்புப் பெருநாளுக்கு முன் கொண்டுபோவார்,
பாசிர் பாஞ்சாங் மேட்டில் விழுந்த தாய்மாமனுக்கு.
"கட்டினால் மூச்சு முட்டும், தூவினால் போதும்" என்பார்.

ஆகஸ்டில் திருமதி மொரிவாகி.
ஹவ்காங் ஜப்பான் கல்லறைக்கு ஒரு கொத்து.
கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி
குழந்தைக்கு முதுகு தேய்ப்பதுபோல் தேய்ப்பாராம்.
அதே மாதம் பக்கத்துக் கடை சியா
தகர டின்னில் காகிதப் பணம் எரிப்பார்,
லாரியில் ஏற்றிப்போய்த் திரும்பாத சித்தப்பாவுக்கு.
ஒரு வருடம் புகை அந்த அம்மாள் முகத்தில் அடித்தது.
இருமினார்.
சியா டின்னைக் காலால் ஓரடி நகர்த்தினார்.
அவ்வளவுதான் நடந்தது.
அதற்கு நான் வேறு பெயர் வைக்கமாட்டேன்.

போன மகாளய அமாவாசைக்கு முந்தின நாள்,
மழை விட்டு ஐந்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது,
காத்தவராயன் என்று ஒருவர் வந்தார்.
எம்ஆர்டியில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர்.
பெரியப்பாவுக்கு மாலை வேண்டும்.
"சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போனாங்க.
தேதி தெரியாது. அதனால நாளைக்கு."

எத்தனை முழம் என்றேன்.
படத்துக்கா, கல்லுக்கா?

படம் இல்லை. கல்லும் இல்லை.
(நடுகல் நட்ட இனம் என்று மேடையில் முழங்குவார்கள்,
கேட்டுக் கைதட்டியிருக்கிறேன்.)
சிப்பாய் இல்லையே அவர், சுவரிலும் ஏறவில்லை.
"பழைய புக்கிட் தீமா இரும்புப் பாலம் இருக்கில்ல,
அங்க கட்டலாம்னு.
தண்டவாளத்தைப் பேத்துட்டாங்க. பாலம் இருக்கு."

பாலத்துக்கு எப்படியம்மா அளவெடுப்பது?

"பத்தொன்பது வயசு" என்றார்,
அளவு அதுதான் என்பதுபோல.
அவர் கண் என் கடைப்பையன் மேல் போய் நின்றது.
செல்லத்துரை. ஒரத்தநாடு.
ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் பாதி பாக்கி.
வாளியில் மரிக்கொழுந்தை அமுக்கிக்கொண்டிருந்தான்.

இறந்தவனுக்குக் கட்டுவதை
இருப்பவன் கழுத்தில் அளக்கக் கூடாது.
எங்கள் தொழிலில் அதைச் சொல்லித் தரவே வேண்டாம்.
நான் வாயைத் திறப்பதற்குள்
பையன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்து
குனிந்தான்.

வெறும் நாரைத்தான் போட்டேன்.
நெஞ்சைத் தாண்டித் தொப்புளுக்கு மேலே நாலு விரல்.
முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தேன்.
காத்தவராயன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஏதோ பேருந்து வரவேண்டியதுபோல.

சம்பங்கி, இடையிடையே அரளி. இருபத்தெட்டு வெள்ளி.
ரசீதில் பெயர் எழுதும் இடத்தில்
அவர் பெயரை எழுதினேன், அடித்தேன்,
பெரியப்பா பெயர் கேட்டேன்.
வீட்டில் சின்னான் என்பார்களாம்.
பத்திரத்தில் என்னவென்று தெரியாது.
சின்னான் என்றே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

கடை மூடும்போது பையனிடம்
கழுத்தைக் கழுவிக்கொள் என்று சொல்ல நினைத்தேன்.
அவன் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.
"சாப்டேன்மா, சாப்டேன்.
இங்க என்ன, ஒண்ணுமில்ல,
பூ கட்டுறதுதான்."