வேலந்தாவளம் எடைமேடை

கோயம்புத்தூர் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள்.
எல்லை தாண்டிப் பாலக்காட்டில் காட்டினேன்.
டாக்டர் ரெஞ்சினி மருந்துச்சீட்டைத் திருப்பிப் போட்டு
இரண்டு மொட்டுகள் வரைந்தாள்,
ஒன்றையொன்று தொடாத மொட்டுகள்.
நடுவில் பேனாவை வைத்து
"இது விடவு" என்றாள் மலையாளத்தில்.
எனக்கு விடிவு என்று கேட்டது.
அவளிடம் மறுபடி கேட்கவில்லை. அப்போதெல்லாம்
எதையும் மறுபடி கேட்கமாட்டேன்.

இந்த மொட்டு ஒரு துளியை விடுமாம்.
அந்த மொட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.
வாங்கி முடிப்பதற்குள்
விட்டதே மிச்சத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்ளுமாம்.
எல்லோர் தலையிலும் நடப்பதுதான்.
மாத்திரை அந்த உறிஞ்சும் வாயில் போய்
உட்கார்ந்துகொள்ளும்.
புதிதாக ஒரு துளியும் கொண்டுவராது.
போனதைத் திரும்பவிடாது, அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

"அப்ப இன்னைக்கே சரியாயிருமா?"
வாய் இன்றைக்கே அடைபடும்,
மனசுக்கு மூன்று நாலு வாரம் ஆகும் என்றாள்.
ஏன் என்றதற்குப் பேனாவை மூடினாள்.
வாங்கும் பக்கம் தன் கதவுகளைக் கூட்டிக் குறைக்கலாம்,
காய்ந்த கிளை துளிர்க்கலாம்,
பாதிதான் தெரியும், மீதி யாருக்கும் சரியாகத் தெரியாது.
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
அதனால் வாங்கி விழுங்கினேன்.

முதல் வாரம் குமட்டல், நாக்கில் சுண்ணாம்பு.
இரண்டாம் வாரம் வெறும் கொட்டாவி.
ஆடிக்காற்று கணவாய் வழியே வந்து
ஆபீஸ் தகரத்தைப் பிடுங்கப் பார்த்தது.
பத்தாம் நாள் ராத்திரி, வண்டி இல்லாத நேரம்,
மேடையில் ஏறி நின்றேன், செருப்போடு.
நாற்பது டன் நிறுக்கும் இயந்திரம்,
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
சிவப்பு எழுத்தில் அறுபது.
இவ்வளவுதானா.
இதையா தினமும் காலையில்
பாயிலிருந்து தூக்க முடியாமல் கிடந்தேன்.

மயில்சாமி எதுவும் கேட்கவில்லை.
சீரக டப்பாவுக்குள் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார் போல.
மேல்தட்டில் இருந்த டப்பா மறுநாள்
என் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது.

இருபத்தாறாம் நாள்.
மரவள்ளி லோடு, ஷிபுவின் வண்டி.
தார்ப்பாய்க்கு வெளியே ஒரு குதிகால்.
கிளீனர் பையன் படுத்துக்கொண்டு எடை ஏற்றுகிறான்,
காலி வண்டி நிறுக்கும்போது டீ குடிக்கப் போய்விடுவான்.
வருஷக்கணக்காகத் தெரிந்த களவுதான்.
சொல் தொண்டைவரை வரும்.
வந்த சொல்லை நானே உறிஞ்சிக்கொண்டு
சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவேன்.

"ஏனப்பா ஷிபு,
அந்த அறுபது கிலோவைக் கீழ இறக்கு."

என் குரல்தான்.
காற்றோடு போய் லாரிக் கண்ணாடியில் பட்டது.
அவன் தலை திரும்பியது.
சேர்ந்துவிட்டது.
திரும்பப் பிடுங்கிக்கொள்ள எனக்குள்ளிருந்து எந்தக் கையும் வரவில்லை.

பையன் குதித்தான், முடியெல்லாம் கிழங்கு மண்,
பல்லைக் காட்டினான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது,
டம்ளரைத் தொட்டால் சுடுவதுபோல.
எத்தனை மாசமாயிற்று ஒன்று சுட்டு.

புதன்கிழமை பத்தரை பஸ்ஸில் போய்
டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
சந்தோஷம் இன்னும் வரவில்லை என்றும்,
அன்று அவள் சொன்ன அந்த வார்த்தையை
இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொல்லியும்.