இரண்டாயிரம் கூடுதல்

பிடித்திருக்கிறது என்று
முகத்தில் காட்டிக்கொள்ளாதே என்றாள் சுந்தரவல்லி.
பல் ஆஸ்பத்திரியிலிருந்து
வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியும்
பேனா டார்ச்சும் எடுத்து வந்திருந்தாள்.
பசுமலையில் இறங்கும்போது
பதினோரு மணிக்கே வெயில் முற்றியிருந்தது.

போன சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டில்
புதிது ஒன்றைப் பார்த்திருந்தேன்.
சத்தம் இருந்தது, ஏகப்பட்ட சத்தம்,
கல்யாண மண்டபத்துக்கு ஆகும்.
கழுத்துதான் ஒடுக்கம்:
ஷேர் ஆட்டோவில் கடைசியாய் ஏறிய ஆள் மாதிரி
மோதிர விரல் வெளியே தொங்கிக்கொண்டு வந்தது.
பிக் வைத்து அடிங்கக்கா, சரியாயிரும் என்றான் கடைப்பையன்.

நான் பிக் வைத்து அடிப்பவள் இல்லை.
வலது கையில் நான்கு நகம் வளர்க்கிறேன்,
இடது கையில் ஒன்றும் கிடையாது.
பொன்மேனி டிப்போவில்
கண்டக்டர்கள் கட்டும் பணத்தை எண்ணி வாங்கும் வேலை.
கட்டுப் பிரிக்கையில் நகம் ஒடிந்தால்
வீட்டில் மூன்று வாரம் மௌனம்.
கள்ள நோட்டை
கண்ணுக்கு முன்னால் கட்டைவிரல் சொல்லிவிடும்.

கிஃப்ட்சன் வீட்டில்
முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
சின்ன உடம்பு. மடியில் வைத்தால்
விலா எலும்பு அதை ஏற்கெனவே தெரிந்தது போல் ஒதுங்கியது.
முதுகு ஈட்டி மரம்.
முகம் பழுத்து வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது.
எந்த வருஷம்?
"அறுபத்தெட்டுன்னு வித்தவர் சொன்னார்,
எழுபத்தொண்ணுன்னு ரிப்பேர்காரர்."
பிரிட்ஜுக்குக் கீழே ஒரு விரிசல்,
ஏதோ ஒரு கத்திரியில் விட்டது;
உள்ளிருந்து யாரோ
மரச்சில்லு வைத்து ஒட்டியிருந்தார்கள்.
லேசாகத் தொப்பை போட்டிருந்தது.
அளந்தேன்: நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.
இரண்டு தந்திக்கு நடுவே
விரல் நின்று மூச்சு விடலாம்.

"கடைவாய்ப் பக்கம் என்னமோ இருக்கு"
என்றாள் கண்ணாடியை உள்ளே விட்ட சுந்தரவல்லி.
குளவிக் கூடு.
குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து மண் குழைத்துக் கட்டி,
வளர்த்து முடித்து, காலி செய்து போயிருந்தது.
கிஃப்ட்சனுக்கு வெட்கமாகிவிட்டது.
எட்டு மாதமாய்ச் சுவரில்தான் தொங்குது என்றார்.
பழங்காநத்தத்தில் வண்டி சரிந்து
இடது மணிக்கட்டில் தகடு.
மேலே எதுவும் கேட்க விடாமல்
போனில் சொன்ன விலையையே திரும்பச் சொன்னார்:
இருபத்தெட்டு.

இனி நான் நடிக்க வேண்டும்.
தந்தியில் துருவைக் காட்டினேன்.
மட்டமாய் நாலு தட்டுத் தட்டிவிட்டு
உதட்டைப் பிதுக்கி எழுந்துவிடலாம் என்றுதான்
கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைத் தொட்டேன்.
அது அதட்டவில்லை.
கூப்பிட்டால் திரும்பி "என்ன?" என்று கேட்கும் குரல்.
எந்தக் கிட்டாரிலும் முறைத்துக்கொண்டு நிற்கும் மூன்றாவது
இதில் இரண்டாவதின் தோளில் கை போட்டு வந்தது.
மெதுவாக எடுத்தேன். இன்னும் மெதுவாக.
நகம் படாமல் சதை மட்டும் பட.
அப்போதும் பின்சுவர் வரை போனது.
திருப்பரங்குன்றம் பக்கம் ரயில் ஒன்று கடந்தது,
நிறுத்த மறந்துவிட்டேன்.
சுந்தரவல்லி என் காலை மிதித்தாள்.
கிஃப்ட்சன் எழுந்து வந்து
கிட்டாரின் தலையில் ஒரு விரல் வைத்துப் பார்த்தார்.

"முப்பது."
இருபத்தெட்டு என்றீர்களே?
"அது நீங்க வாசிக்கிறதுக்கு முந்தி."

மிச்ச நான்கு ஐந்நூறை
முறைத்துக்கொண்டே கடன் கொடுத்தாள்.
அவர் நோட்டுகளை மேஜையில் பரப்பி
ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாய் எண்ணினார்.
எண்ணித் தரவா என்று வாய்வரை வந்தது.
எண்ணுவது என் தொழில்.
கேட்கவில்லை.
அறுபதாவது நோட்டுக்குப் பிறகு,
"சோப்பு டப்பாவுல ஓட்டை போட்டு
ஈரப் பஞ்சு வச்சு உள்ள போடுங்க,
இந்த ஊர் வெயில் மரத்தைக் குடிச்சிரும்.
இது விலையில சேத்தி" என்றார்.

கூட்டைச் சுரண்டி எடுக்க
ஒரு கொக்கி இருப்பதாய்
வாராவாரம் சொல்கிறாள் சுந்தரவல்லி.
எடுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கலாம்.
கேட்காமலும் போகலாம்.
அந்த இரண்டாயிரத்தில்
மண்ணின் பங்கு எவ்வளவு என்று தெரியாமல்
கையை உள்ளே விட எனக்குப் பயம்.
கடனில் ஐந்நூறு அடைத்திருக்கிறேன்.