கூட்டக் குறிப்பு

விதி நான்கு: கூட்டம் நடக்கையில்
கதவு திறந்திருக்க வேண்டும்.
ஏசி ஓடுதே என்றார் தலைவர்.
எல்லோரும் சிரித்தோம். நான்தான் சாத்தினேன்.

வியாசர்பாடி, மூன்றாம் மாடி.
ஏழு நாள் முன்பே அறிவிப்பு ஒட்டியாயிற்று,
கொசுமருந்து நோட்டீசுக்கு அடியில்.
அதையும் ஒருத்தி தூக்கிப் படித்திருக்கிறாள்.

மூச்சிரைக்க வந்து
வருகை ஏட்டில் எழுதினாள்: எஸ்தர் பொற்கொடி.
"கால்வா எத்தனாவது சார்?"
ஏழாவது என்றேன்.
வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

அப்புறம் கதவு மூடவில்லை.
குனிந்து பார்த்தால் இடுக்கில்
ரப்பர் செருப்பு, ஒற்றை.

குளிர் கசிந்து வராந்தாவுக்குப் போயிற்று,
கூடவே எங்கள் குரலும்.
ஆறாம் பொருளில் ஒருவர்
தொகையைத் திருப்பிச் சொன்னார்,
முதலில் மெதுவாக,
பிறகு குறைத்து.

"பொதுமக்கள்: ஒருவர்" என்று எழுதினேன்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
"கதவு திறந்திருந்தது" என்றும் சேர்த்தேன்.
பொய்யில்லையே.

ஏழாம் பொருள் அடுத்த கூட்டத்துக்கு.

நகல் கேட்டாள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
காலில் ஒன்று, கதவில் ஒன்று;
இரண்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கதவு
தானாக மூடிக்கொண்டது.